உதவிக்கு வரம்பு, வாடகைக்கு வரம்பில்லை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உறையுளுக்குத் தனித்த ஓர் இயல்பு உண்டு. கைப்பணம் குறைந்த மாதத்தில் அரிசியின் அளவைக் குறைக்கலாம். பழைய உடையைத் தைத்து மேலும் ஓராண்டு உடுத்தலாம். ஆனால் வாடகை வீட்டின் காற்பங்கை இம்மாதம் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி முக்காற்பங்கிற் குடியிருத்தல் எவராலும் இயலாது. வாடகை முழுவதும் கொடுக்கப்படல் வேண்டும். அன்றேல் வீடு முழுவதும் கையைவிட்டுப் போய்விடும். ஆதலினாலேயே வாடகைப் பணத்தில் ஏற்படும் சிறு குறையும், பிற செலவுகளில் ஏற்படும் பெருங்குறையைவிட விரைவில் ஒரு குடும்பத்தை நிலைகுலையச் செய்துவிடுகின்றது.

பிரித்தானியாவில் வருவாய் குறைந்த குடும்பங்கள் வாடகை கொடுப்பதற்கு அரசாங்கம் உதவிப்பணம் வழங்குகின்றது. தனியாருக்குச் சொந்தமான வீடுகளில் வாடகைக்கு இருப்போர் பெறும் அவ்வுதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனை அந்நாட்டார் ‘லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்’ என்பர். தமிழில் உள்ளூர் வீட்டுப்படி எனக் கூறலாம். வாடகை அவ்வரம்புக்கு மேற்பட்டதாயின், மேற்பட்ட தொகையைக் குடியிருப்பவரே தம் கையிலிருந்து கொடுத்தல் வேண்டும். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்விதி, 2011ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டு ஏழைக் குடும்பங்களின் வாழ்வைப் பெரிதும் பாதித்துள்ளது. இலங்கையிலிருந்து, சிறப்பாக 1983ஆம் ஆண்டின் பின்னர், பிரித்தானியா சென்ற தமிழர் பலர் இலண்டன் மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனராதலின், அங்குள்ள வாடகை நிலைமை இங்குள்ள பல குடும்பங்களுக்கு முற்றிலும் அயலாருடைய செய்தியன்று.

இவ்வரம்பு தோன்றிய காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் தனியாரின் வீடுகளில் வாடகைக்கே குடியிருந்தனர். முதலாம் உலகப் போர்க்காலத்தில், கப்பல் கட்டும் தொழிலும் போர்க்கருவித் தொழிலும் பெருகிய கிளாஸ்கோ நகரில் வேலை நாடி மக்கள் குவிந்தனர். வீடுகள் போதவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். 1915ஆம் ஆண்டில் மேரி பார்பர் என்னும் அம்மையாரும் அவரைப் போன்ற இல்லத்தரசிகளும் முன்னின்று நடத்திய போராட்டத்தில், பல்லாயிரம் குடும்பங்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தன. அவ்வாண்டு முடிவதற்கு முன்னரே, வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்திவைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

நெருக்கடிக் காலத்தில் வாடகையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் இம்முறை வேறு நாடுகளிலும் கைக்கொள்ளப்பட்டது. இலங்கையில் இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டதும், பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்ததும் நேயர்கள் பலர் அறிந்தவையே. இச்சட்டங்கள் யாவும் வீட்டுச் சொந்தக்காரர் கேட்கக்கூடிய தொகைக்கே வரம்பிட்டன என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

பிரித்தானியாவில் வாடகைக் கட்டுப்பாடு பல மாற்றங்களுடன் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நிலைத்தது. 1965ஆம் ஆண்டின் சட்டம் வாடகை அலுவலர் என்னும் பதவியை ஏற்படுத்தி, ஒரு வீட்டுக்கு நியாயமான வாடகை எதுவென நிர்ணயிக்கும் கடமையை அவரிடம் ஒப்படைத்தது. மற்றொருபுறம் உள்ளூராட்சி மன்றங்கள் இலட்சக்கணக்கான வீடுகளைத் தாமே கட்டிக் குறைந்த வாடகைக்கு வழங்கின. ஏழைக் குடும்பத்தின் உறையுளைத் தாங்கிய இரண்டு தூண்கள் இவை.

1980களில் இவ்விரு தூண்களும் அசைந்தன. 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், மன்ற வீடுகளிற் குடியிருந்தோர் தாம் வாழும் வீட்டைக் கழிவு விலைக்கு வாங்கும் உரிமையை வழங்கியது. அவ்வாறு இங்கிலாந்தில் மட்டும் காலப்போக்கில் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் விற்கப்பட்டன. வாங்கியோர் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும் விற்றவற்றுக்கு ஈடாகப் புதிய மன்ற வீடுகள் எழவில்லை. அடுத்து 1988ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தால், 1989 சனவரி 15 முதல் செய்யப்படும் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்குச் சந்தை விலையே வாடகையாயிற்று. வாடகை அலுவலர் நிர்ணயிக்கும் நியாய வாடகை, பழைய குடியிருப்பாளர்க்கே உரியதாய்ச் சுருங்கியது.

சந்தை வாடகையைக் கொடுக்க இயலாதவர் என்ன செய்வது என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1991ஆம் ஆண்டில் வீடமைப்பு அமைச்சராயிருந்த சேர் ஜோர்ஜ் யங் பாராளுமன்றத்தில் அதற்கு விடை கூறினார். அத்தகையோரின் சுமையை வாடகை உதவிப்பணம் தாங்கும் என்பதே அவ்விடையின் பொருள். அஃதாவது, அரசாங்கம் செங்கல்லுக்கும் சாந்துக்கும் செலவிடுவதைக் குறைத்து, வாடகை கொடுப்போர்க்கு உதவுவதை மேற்கொள்ளும் என்பதாம். இதன் விளைவாக வாடகை உயர உயர அரசாங்கத்தின் செலவும் உயர்ந்தது. 2000ஆம் ஆண்டளவில் இங்கிலாந்துக் குடும்பங்களுள் பத்தில் ஒன்று தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்தது. 2023-24இல் அது ஐந்தில் ஒன்றாகி, ஏறத்தாழ 47 இலட்சம் குடும்பங்களாயிற்று. முன்னொரு காலத்தில் மன்ற வீட்டுக்குச் சென்றிருக்கக்கூடிய குடும்பங்கள் பல இவற்றுள் அடங்கும்.

செலவு இவ்வாறு பெருகவே, உதவிக்கு வரம்பிடும் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்போதுள்ள உள்ளூர் வீட்டுப்படி முறை சில இடங்களில் 2003ஆம் ஆண்டு முதற் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 2008 ஏப்பிரலில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து எங்கணும் நடைமுறைக்கு வந்தது. அம்முறையின்படி நாடு வாடகை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய வட்டாரங்கள் நூற்றைம்பதுக்கு மேல் உள்ளன. ஒவ்வொரு வட்டாரத்திலும் வழங்கும் வாடகைகளை வாடகை அலுவலர் திரட்டி, வீட்டின் படுக்கையறைத் தொகைக்கேற்ப வரிசைப்படுத்துவர். அரசாங்க உதவியால் வாடகை உயர்ந்து, அவ்வுயர்வே உதவியின் வரம்பை மேலும் உயர்த்திவிடாதிருக்கும் பொருட்டு, உதவிப்பணம் பெறுவோரின் வாடகைகள் இப்பட்டியலிற் சேர்க்கப்படுவதில்லை.

வரம்பு எங்ஙனம் கணிக்கப்படுகின்றது என்பதைப் பத்து வீடுகளைக்கொண்டு விளக்கலாம். ஒரு வட்டாரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட பத்து வீடுகள் உள்ளன எனக் கொள்க. அவற்றின் மாத வாடகைகள் முறையே 600, 650, 700, 740, 780, 820, 870, 930, 1,000, 1,100 பவுண் என வைத்துக்கொள்வோமாயின், 2008ஆம் ஆண்டின் விதிப்படி வரிசையின் நடுப்புள்ளியே வரம்பு. கணிதத்தில் இடையம் எனப்படுவது அது. இங்கு அது 800 பவுண். எனவே பத்து வீடுகளில் ஐந்து வரம்புக்குள் அடங்கும். 2011 ஏப்பிரலில் இவ்விதி மாற்றப்பட்டு, கீழிருந்து பத்தில் மூன்றாவது இடத்தில் உள்ள வாடகையே வரம்பாயிற்று. இங்கு அது 700 பவுண். 780 பவுண் வாடகை வீட்டிற் குடியிருந்த குடும்பம் நேற்றுவரை முழு வாடகைக்கும் உதவி பெற்றது. புதிய விதியால் மாதந்தோறும் 80 பவுண் அதற்குக் குறைவாயிற்று. வீடு மாறவில்லை, வாடகை மாறவில்லை, குடும்பத்தின் வருவாயும் மாறவில்லை.

அதே வேளையில் நாடு முழுவதற்கும் பொதுவான மேல்வரம்பும் விதிக்கப்பட்டது. ஒரு படுக்கையறைக்கு வாரம் 250 பவுண், இரண்டுக்கு 290, மூன்றுக்கு 340, நான்குக்கு 400 என்பன அவ்வரம்புகள். ஐந்து படுக்கையறைக்கென இருந்த தனி வீதம் நீக்கப்பட்டது. இவை சிறப்பாக இலண்டனின் நடுப்பகுதியிற் குடியிருந்தோரைத் தாக்கின. 2012 சனவரியில் மற்றொரு மாற்றம் வந்தது. தனியே வாழும் ஒருவர் 35 வயதுக்குக் குறைந்தவராயின், பிறருடன் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்குரிய உதவியே, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவருக்கு உரியது என விதிக்கப்பட்டது. அதற்குமுன் அவ்வெல்லை 25 வயதாயிருந்தது. முப்பது வயதில் வேலையிழந்த ஒருவர், தாம் தனித்து வாழ்ந்த சிறு வீட்டை விட்டு, அறிமுகமில்லாதவரோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு மாற வேண்டியவரானார்.

இம்மாற்றங்களுக்கு அரசாங்கம் கூறிய நியாயங்களையும் கருதுதல் முறையாகும். 2010 யூன் மாதத்தில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ண் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தபோது, வாடகை உதவிச் செலவு பத்து ஆண்டுகளில் 1,400 கோடி பவுணிலிருந்து 2,100 கோடி பவுணாக உயர்ந்துவிட்டதை எடுத்துக்காட்டினார். உதவி பெறாது உழைத்து வாழும் குடும்பம் தன்னாற் குடியிருக்க இயலாத தெருவில், அதன் வரிப்பணத்தைக்கொண்டு மற்றொரு குடும்பம் குடியிருத்தல் நீதியா என்பது ஒரு வாதம். கேட்கும் தொகை எதுவாயினும் அரசாங்கம் கொடுக்குமாயின் வாடகையைக் குறைத்துக் கேட்க எவருக்கும் மனம் வராது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. வரம்பே இல்லாத உதவியை எந்த அரசாங்கமும் நெடுங்காலம் வழங்க இயலாது. அவ்வரம்பு எந்த இடத்தில் இடப்பட்டது, இட்டபின் எவ்வாறு பேணப்பட்டது என்பனவே வினாக்கள்.

உதவி குறைந்தால் வாடகையும் குறையும் என்னும் எதிர்பார்ப்பு பலித்ததா என்பது முதலில் நோக்கத்தக்கது. இதனை அறிவதற்கு அரசாங்கமே ஒரு மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தது. அதன் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குறைக்கப்பட்ட தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குடியிருந்தோர் தலையிலேயே விழுந்தது. எஞ்சிய ஏறத்தாழ ஒரு பங்கே வாடகைக் குறைப்பாகச் சொந்தக்காரரைச் சார்ந்தது. இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. வீடுகள் குறைந்தும் வீடு தேடுவோர் மிகுந்தும் உள்ள ஊரில், ஒரு குடும்பம் வெளியேறினால் மற்றொன்று வாசலில் நிற்கும். சொந்தக்காரர் காத்திருக்கலாம், குடியிருப்பவர் காத்திருக்க இயலாது. வேறு வீட்டுக்குச் செல்வதென்றால் முற்பணம் வேண்டும், சாமான் ஏற்றும் செலவு உண்டு, பிள்ளைகளின் பாடசாலை மாறும், தொழில் செய்யும் இடம் தொலைவாகும். ஆதலின் பலர் இருந்த வீட்டிலேயே இருந்து, உணவிலும் குளிர்கால வெப்பமூட்டலிலும் மிச்சம் பிடித்துக் குறையை நிரப்ப முயன்றனர்.

பத்தில் மூன்று வீடுகள் வரம்புக்குள் உள்ளனவே, அவற்றுள் ஒன்றைத் தேடிக்கொள்ளலாகாதா எனச் சிலர் வினவலாம். இங்கேதான் கணக்கும் தெருவும் வேறுபடுகின்றன. பட்டியலில் உள்ள மலிவான வீடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே மக்கள் குடியிருக்கும் வீடுகள். நெடுங்காலம் இருப்பவரிடம் பழைய வாடகையை வாங்கும் சொந்தக்காரர், வீடு வெறுமையாகிப் புதியவர் வரும்போது அன்றைய சந்தை விலையைக் கேட்பார். வீடு தேடிச் செல்பவர் காண்பது இப்புதிய விலையையே.

வட்டாரங்களின் பரப்பும் ஒரு காரணம். உடல்நலம், கல்வி, கடைத்தெரு முதலிய வசதிகளைப் பொதுப் போக்குவரத்தில் அடையக்கூடிய அளவு பரந்த நிலப்பகுதியே ஒரு வட்டாரமாகும். கேம்பிறிட்ஜ் வட்டாரத்தில் பல்கலைக்கழகமும் புதிய விஞ்ஞானத் தொழில்களும் நிறைந்த அந்நகரோடு, பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பாலுள்ள ஈலி, நியூமார்க்கெட் போன்ற சிற்றூர்களும் அடங்கும். சிற்றூர்களின் குறைந்த வாடகையும் நகரின் உயர்ந்த வாடகையும் ஒரே பட்டியலிற் கலக்கின்றன. அப்பட்டியலிலிருந்து பெறப்படும் வரம்பு நகருக்குள் வீடு பெறப் போதுவதில்லை. நகரத்து மருத்துவமனையைத் துப்புரவு செய்பவரும் உணவகத்திற் பாத்திரம் கழுவுபவரும் அந்நகரில் வாழ இயலாதவராகி, அதிகாலையிற் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். உதவி பெறுவோர் யாவரும் வேலையற்றோர் எனக் கருதுதல் தவறு. குறைந்த சம்பளத்தில் உழைக்கும் குடும்பங்கள் பலவும் ‘யூனிவர்சல் கிரெடிட்’ எனப்படும் ஒருங்கிணைந்த உதவிப்பணத்தின் வழியாக இவ்வாடகை உதவியைப் பெறுகின்றன. அவர்களுக்கும் இதே வரம்புதான்.

இவை யாவற்றிலும் பெரிய காரணம் காலம். பத்து வீட்டு உதாரணத்திற்கு மீண்டும் வந்தால் இது விளங்கும். வாடகைகள் ஓராண்டில் சிறிது உயர்ந்து, மூன்றாவது வீட்டின் வாடகை 750 ஆகின்றது. வரம்பும் 750 ஆக உயர்த்தப்பட்டாற் பத்தில் மூன்று என்னும் விகிதம் நிலைக்கும். வரம்பு 700இலேயே நிறுத்தப்பட்டால் வரம்புக்குள் உள்ள வீடுகள் இரண்டாகும், பின்னர் ஒன்றாகும், பின்னர் ஒன்றுமில்லாமற் போகும். நடந்தது ஏறக்குறைய இதுவே. 2013 முதல் வரம்புகள் உண்மை வாடகையோடு ஒட்டி உயர்த்தப்படவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் உயர்வு பெரும்பாலும் நூற்றுக்கு 1 என மட்டுப்படுத்தப்பட்டது. 2016 ஏப்பிரல் முதல் நான்கு ஆண்டுகள் பெரும்பாலான வரம்புகள் அசையாது நிறுத்தப்பட்டன. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று நாட்டை முடக்கியபோதே அவை மீண்டும் பத்தில் மூன்று என்னும் இடத்துக்கு உயர்த்தப்பட்டன. அதன்பின் 2024 ஏப்பிரல் வரை மறுபடியும் அசையவில்லை.

2020ஆம் ஆண்டின் வரம்புகள் 2019 செப்டெம்பருடன் முடிந்த ஓராண்டின் வாடகைகளைக் கொண்டு கணிக்கப்பட்டவை. ஆகவே 2024 மார்ச் மாதத்தில் வாடகை கொடுத்த ஒரு தாய், அன்றைய வாடகையைக் கொடுப்பதற்கு நாலரை ஆண்டுகளுக்கும் முற்பட்ட விலையின்படி உதவி பெற்றாள். இடைப்பட்ட காலத்தில் வாடகை விரைந்து உயர்ந்திருந்தது. ‘இன்ஸ்டிடியூட் ஃபோர் ஃபிஸ்கல் ஸ்டடீஸ்’ என்னும் பொருளாதார ஆய்வு நிறுவனம், சூப்லா என்னும் இணையத்தளத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட வாடகை வீடுகளை ஆராய்ந்தது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் அவற்றுள் நூற்றுக்கு 23 வீடுகளின் வாடகை உதவி வரம்புக்குள் அடங்கியது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு 5 மட்டுமே அடங்கியது. சட்டத்தில் பத்தில் மூன்று எனத் தொடங்கியது, தெருவில் இருபதில் ஒன்றாக முடிந்தது. 2024 ஏப்பிரலில் வரம்புகள் மீண்டும் உயர்த்தப்பட்டன. 2025 ஏப்பிரலில் மீண்டும் அசையாது நிறுத்தப்பட்டன.

வரம்பு உயர்ந்த ஆண்டிலும் எல்லாரும் பயன்பெறவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். 2013ஆம் ஆண்டில், ஒரு குடும்பம் பெறக்கூடிய பலவகை உதவிப்பணங்களின் மொத்தத்துக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் முதல் அவ்வெல்லை, குடும்பமொன்றுக்கு, இலண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண். ஏனைய இடங்களில் 22,020 பவுண். 2024இல் வாடகை வரம்பு உயர்ந்தபோது இவ்வெல்லை உயரவில்லை. ஆதலின் எல்லையை முன்னரே தொட்டுநின்ற குடும்பங்களுக்கு ஒரு கையாற் கொடுக்கப்பட்டது மறுகையால் எடுக்கப்பட்டது.

இக்குறை ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுசெல்லும் என்பதைப் பேர்மிங்ஹம் நகரசபை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகின்றது. நான்கு பிள்ளைகளுடன் வாழ்ந்த ஒரு தாய், மாதம் 700 பவுண் வாடகை வீட்டில் இருந்தார். அவர் பெற்ற வாடகை உதவி ஏறத்தாழ 548 பவுண்; குறை ஏறத்தாழ 151 பவுண். நிலுவை சேர்ந்தது, 2011ஆம் ஆண்டில் வீட்டை இழந்தார். வீடற்றோர்க்கு இடமளிக்கும் கடமையுடைய நகரசபையிடம் அவர் சென்றபோது, உணவு முதலியவற்றுக்கெனப் பெற்ற உதவிப்பணத்திலிருந்து மிச்சம் பிடித்து வாடகையைக் கொடுத்திருக்கலாம் என்றும், ஆகவே அவர் தாமாகவே வீடிழந்தவர் என்றும் நகரசபை முடிவுசெய்தது. அம்முடிவின்படி நிலையான இடமளிக்கும் முழுக்கடமை நகரசபைக்கு இல்லையாகும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 யூன் மாதத்தில் அந்நீதிமன்றம் அத்தாயின் பக்கமே தீர்ப்பளித்தது. அரசாங்க உதவிப்பணம் குடும்பத்தின் அடிப்படை வாழ்க்கைக்கென அளக்கப்பட்டதேயன்றி, அதில் மிச்சம் இருக்குமெனப் பொதுவாகக் கருதுவதற்கு இடமில்லை என நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். பிள்ளைகளின் நலனைக் காத்து வாழ்வதற்கு நியாயமாகத் தேவைப்படுவது எவ்வளவு என்று கேட்பதே முறை. செலவைச் சுருக்க எங்காவது இடமுண்டா என்று தேடுவது முறையன்று என்பது தீர்ப்பின் சாரம். நீதி கிடைத்தது, ஆனால் வீட்டை இழந்த காலத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் கழிந்தன. கைக்குழந்தை பாடசாலைப் பிள்ளையாகும் காலம் அது.

குறை இருக்குமென அறிந்த சொந்தக்காரர் பலர், உதவிப்பணம் பெறுவோர்க்கு வீடு இல்லை என வெளிப்படையாகவே விளம்பரம் செய்தனர். 2020ஆம் ஆண்டில் யோர்க் நகர நீதிமன்றம், பெண்களையும் உடற்குறை உடையோரையும் பெரிதும் பாதிக்கும் அத்தகைய பொதுத்தடை சமத்துவச் சட்டத்துக்கு மாறானது எனக் கண்டது. இங்கிலாந்துக்கென 2025 ஒக்டோபரில் அரச இசைவு பெற்ற வாடகையாளர் உரிமைச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்ய வகைசெய்தது. காரணம் காட்டாது குடியிருப்பவரை வெளியேற்றும் முறையை 2026 மே 1 முதல் ஒழிக்கவும் அது வழிவகுத்தது. இவை குடியிருப்போர்க்குப் பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் வாடகை நிலுவை என்பது காரணமுள்ள வெளியேற்றம். அதனைச் சட்டம் அனுமதிக்கின்றது. மாதந்தோறும் நூறு பவுண் குறையும் குடும்பத்துக்கு, கதவைத் தட்டும் நாளை அச்சட்டம் பிற்போடலாமேயன்றி, குறையை நிரப்பித் தராது.

இனி, அரசாங்கத்தின் கணக்கையே பார்த்தல் பொருந்தும். வரம்பின் நோக்கம் செலவைக் குறைத்தல். வீடிழந்த குடும்பம் மறைந்துவிடுவதில்லை. பிள்ளைகளுடன் உள்ளூராட்சி மன்றத்தின் வாசலுக்கு வருகின்றது. 2017ஆம் ஆண்டில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, வீடற்றோரென ஏற்றுக்கொள்ளப்பட்ட குடும்பங்களுள் தனியார் வாடகை ஒப்பந்தம் முடிவுற்றதால் வந்தவை 2009-10இல் நூற்றுக்கு 11. 2016-17இல் நூற்றுக்கு 32. வாடகை உதவியில் ஏற்பட்ட மாற்றங்கள் இதற்குத் துணையாயிருந்திருக்கக்கூடும் என்றும் அவ்வறிக்கை கருதியது. இக்குடும்பங்களை மன்றம் தற்காலிக இடங்களில் வைத்தல் வேண்டும். அவ்விடம் ஒரு விடுதியின் ஓரறையாகவும் இருக்கலாம். வேறு ஊராகவும் இருக்கலாம். 2010ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இவ்வாறு தற்காலிக இடங்களில் வாழ்ந்தவை ஏறத்தாழ 48,000 குடும்பங்கள். 2025 மார்ச் மாத இறுதியில் அத்தொகை 131,000ஐத் தாண்டியது.

அவ்விடங்களுக்கென 2023-24ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்றங்கள் செலவிட்ட பணம் ஏறத்தாழ 230 கோடி பவுண். இச்செலவுக்கு மத்திய அரசாங்கம் மன்றங்களுக்கு வழங்கும் மீள்தொகையைக் கணிக்கும் விதி மேலும் வியப்புக்குரியது. 2025ஆம் ஆண்டிலும் அது 2011 சனவரி மாத வரம்பின் நூற்றுக்கு 90 என்னும் அளவிலேயே நின்றது. எஞ்சியதை மன்றம் தன் நிதியிலிருந்து கொடுக்கும். அந்நிதிக்கு நூல்நிலையமும் முதியோர் பராமரிப்பும் போட்டியிடும். மாதம் 150 பவுண் கொடுத்து ஒரு குடும்பத்தை அதன் வீட்டிலேயே வைத்திருக்க மறுத்த பொதுநிதி, அதே குடும்பத்தை விடுதியில் வைப்பதற்கு அதனினும் பலமடங்கு கொடுக்க நேர்கின்றது. ஒரு திணைக்களத்தின் ஏட்டிற் சேமிப்பாகத் தோன்றுவது மற்றொரு மன்றத்தின் ஏட்டிற் கடனாகத் தோன்றுகின்றது.

இந்நிலையை மாற்றும் வழிகள் பல பேசப்படுகின்றன. குறை ஏற்படும் குடும்பங்களுக்கு மன்றங்கள் தம் விருப்புரிமையின்படி சிறப்பு உதவி வழங்கி வந்துள்ளன. அது அளவுபட்ட நிதி, பெரும்பாலும் சில மாதங்களுக்கே உரியது. ஸ்கொத்லாந்து 2022ஆம் ஆண்டில் வேறு வழியை நாடி, குடியிருப்போரின் வாடகை உயர்வுக்கே சில காலம் தடை விதித்தது. 1915ஆம் ஆண்டின் சிந்தனை மீண்டும் தலைகாட்டியது எனலாம். அத்தகைய தடை நெடுங்காலம் நீடித்தால் வீடு கட்டுவோரும் வாடகைக்கு விடுவோரும் குறைவர் என்று எதிர்ப்போர் கூறுவதும் கருதத்தக்கது. மன்ற வீடுகளை மீண்டும் பெருமளவிற் கட்டுதலே நிலையான தீர்வு என்பதைப் பலரும் ஒப்புவர். அது பல ஆண்டுப் பணி. அதுவரை செய்யக்கூடிய எளிய காரியம், வரம்பை ஆண்டுதோறும் உண்மை வாடகையோடு ஒட்டவைத்தலாகும். 2020இலும் 2024இலும் அது செய்யப்பட்டது. செய்ய இயலாத காரியமன்று என்பதற்கு அவ்விரு ஆண்டுகளே சான்று.

வாடகை இரண்டு கைகள் பற்றியுள்ள ஒரு கயிற்றைப் போன்றது. சொந்தக்காரர் கேட்கும் தொகைக்கு எல்லையிடாது, அரசாங்கம் கொடுக்கும் தொகைக்கு மட்டும் எல்லையிட்டால், இடையிலுள்ள நீளம் முழுவதும் குடியிருப்பவர் கழுத்திலேயே விழும். உதவிக்கு வரம்பிடும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. அவ்வரம்புக்குள் ஒரு குடும்பம் உண்மையிற் குடிபுகக்கூடிய வீடு அந்த ஊரில் உள்ளதா என ஆண்டுதோறும் சென்று பார்க்கும் கடமையும் அதே அரசாங்கத்தையே சாரும்.